புள்ளிக்குப் புள்ளி ஆறு சென்டிமீட்டர்

பள்ளி திறந்த நான்காம் வாரம்,
திங்கட்கிழமை மாலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்த மலைக்குள் சுகமாய் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் காகிதத்தை எடுத்திருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் உன் சுரங்க வேலை நடக்கும் இடத்தில் போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் நீ அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்த, நான் இந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்த, அதோடு சரி. கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது பார். வாரம் ஒருமுறை முகாம் ஜீப் தபால் கொண்டுவருகிறதாமே, உன் மனைவி சொன்னாள். அந்த ஜீப்புக்கும் ஒரு வேலை கொடுப்போம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவிக்கு முதுகு வலி இப்போது பரவாயில்லை. உன் மகள் இந்த வருஷம் நாலாம் வகுப்பு, அதாவது என் வகுப்பு. வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர் என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவைத்தேன். மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்து ‘அத்தை டீச்சர்’ என்று கூப்பிட்டுவிட்டாள். இப்போது முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் நான் அத்தை டீச்சர்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த மரியாதை மூன்றே நாளில் கப்பலேறியது. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது.

அறிவியலில் முதல் பாடம் ‘அளத்தல்’. வருஷா வருஷம் மேசையை அள, புத்தகத்தை அள என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. மேசை நேற்றும் அதே நீளம், இன்றும் அதே நீளம். பிள்ளைகளுக்கு அதில் என்ன சுவாரசியம்? அதனால் இந்த வருஷம் ஒரு புதுமை செய்தேன். கோபித்துக்கொள்ளாதே, நீ கட்டிக் கொடுத்த சுவரைத்தான் பாடமாக்கியிருக்கிறேன். என் வகுப்பு கீழ்த்தளத்தின் கடைசி அறை என்பது உனக்குத் தெரியும். ஜன்னலுக்கும் மூலைத் தூணுக்கும் நடுவில் தரையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறுகிறது. விடுமுறைக்கு முன்னால் தலைமுடி கனம்தான் இருந்தது. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு பென்சில் புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தேன். நடுவில் சரியாக ஆறு சென்டிமீட்டர். விரிசல் விரிந்தால் புள்ளிகள் விலகும், இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். திங்கட்கிழமை முதல் மணியில் ஒவ்வொருவராக வந்து அளந்து நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். கரும்பலகையின் தலைமாட்டில் ‘கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதை அழிக்கக் கூடாது என்று சட்டம்.

அளப்பதற்கு முன்னால் விரிசல் ஏன் வந்தது என்று கேட்டேன். உள்ளே பல்லி குடித்தனம் நடத்துவதாக ஒருவன் சொன்னான். சுவருக்கு வயசாகிவிட்டது என்றான் இன்னொருவன். ‘எங்கப்பா கட்டின சுவரு, அதுக்கு ஆறு வயசுதான் ஆவுது’ என்று உன் மகள் சண்டைக்குப் போனாள்.

வகுப்பில் தச்சர் மகள் ஒருத்தி இருக்கிறாள். வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் கை சுத்தம். அவள் மட்டும் ஸ்கேலில் பத்தாம் கோட்டைப் புள்ளியில் வைத்து அளந்து, பிறகு பத்தைக் கழிக்கிறாள். ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாய் என்று கேட்டேன். ‘அப்பா அப்படித்தான் அளப்பாரு டீச்சர். முனையை நம்பக் கூடாதும்பாரு’ என்றாள். பட்டறையில் அப்படி அளக்கட்டும், பள்ளியில் பள்ளி வழக்கம்தான், ஸ்கேல் ஓரத்தைப் புள்ளியோடு ஒட்டி வை என்று சொல்லிவிட்டேன். நம் பள்ளி மர ஸ்கேல்களில் பூஜ்யம் ஓரத்திலேயே தொடங்கும். அதனால் என் வழிதான் சுலபம்.

மூன்று திங்கட்கிழமைகள் ஆயிற்று. ஆறு, ஆறு, ஆறு. ஒருவன் மட்டும் பதினாறு என்று எழுதினான். தச்சர் மகளைப் பார்த்துப் பத்தில் வைத்தவனுக்குக் கழிக்க நேரமில்லை, வெளியே போய் விளையாட வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது பூச்சில் வந்த விரிசலா, சுவரிலேயே வந்ததா என்று ஒரு வரி எழுது. பிள்ளைகள் கேட்கிறார்கள், கட்டியவனிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அறைக் கதவும் கொஞ்ச நாளாகத் தரையைப் பிடிக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். சுரங்கத்துக்குள் தலைக்கவசம் இல்லாமல் போகாதே.

இப்படிக்கு,
உன் அக்கா


பத்தாம் வாரம்,
திங்கட்கிழமை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எனக்கு இரண்டு பக்கம் எழுதியதை நம்ப முடியாமல் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நீ எழுதியது நாலு வரிதான். இப்போது இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் விரிசலைப் பற்றியே எழுதியிருக்கிறாய். வெறும் பூச்சு விரிசல், முகத்தில் சுருக்கம் விழுவது போல, எல்லாக் கட்டடத்துக்கும் வருவது என்கிறாய். சரி. அதற்கப்புறம் எதற்கு, புள்ளிகளை அழித்துவிட்டுப் பிள்ளைகளை வேறு எதையாவது அளக்கச் சொல்லு என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய்? மூன்றாம் இடத்தில் பேனா காகிதத்தையே கிழித்திருக்கிறது.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நான் நடுவில் கொஞ்சம் பயந்துதான் போனேன். ஏழாம் வாரம் ஆறும் ஒரு மில்லிமீட்டரும் என்று பாதிப் பிள்ளைகள் எழுதினார்கள். கை நடுக்கம் என்று விட்டேன். அடுத்த வாரம் எல்லோருமே இரண்டு மில்லிமீட்டர் என்றார்கள். அதற்கடுத்த வாரம் மூன்று. அன்று இரவு உன் மனைவி பரிமாறிக்கொண்டிருக்க, நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். அந்த அறைக்கு மேலேதான் பள்ளித் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. ஆறு வருஷமாக அதன் கீழேதான் பாடம் நடத்துகிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஆனால் இன்று மனசு லேசாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிக்குப் புது ஸ்கேல்கள் கொடுத்தார். பிளாஸ்டிக், அந்தப் பக்கம் தெரியும், பச்சை, நீலம், ஆரஞ்சு. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று அதை வைத்து அளந்தார்கள். வரிசையாக ஆறு, ஆறு, ஆறு என்றுதான் வந்தது. முப்பத்துநாலு பேர் ஆறு. தச்சர் மகள் மட்டும் ஆறும் நாலு மில்லிமீட்டரும். பார்த்தால், பழையபடி பத்தாம் கோட்டிலிருந்து அளந்திருக்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்குமா என்று கேட்டேன். முப்பத்துநாலு பேருக்கு ஒன்று தெரிந்து உனக்கு மட்டும் வேறு தெரிந்தால் யார் பக்கம் தப்பு என்று வகுப்பையே கேட்டேன். எல்லோரும் அவள் பக்கம் கையைக் காட்டினார்கள். அழித்து எழுது என்றேன். அவள் அழித்தாள். காகிதம் பொத்துப் போகும்வரை அழித்தாள். ஆனால் ஆறு என்று எழுதவில்லை, ஓட்டையாகவே விட்டுவிட்டாள்.

கொஞ்சம் கடுமையாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் எனக்கு அந்த ஆறு எவ்வளவு தேவைப்பட்டது என்று உனக்குப் புரியும். மழை ஈரத்தில் சுவர் உப்பும், வெயில் வந்தால் சுருங்கும் என்று பிள்ளைகளுக்கு ஒரு விளக்கமும் கொடுத்துவிட்டேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதே. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்.

இன்னொரு வேடிக்கை. மழை விட்ட மறுநாள் நீராவியாதல் பாடம். முற்றத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போட வேண்டும். மணிக்கு மணி தண்ணீர் வற்ற வற்ற உள்ளே இன்னொரு கோடு. மற்றக் குட்டைகளெல்லாம் சாயங்காலம்வரை ஒழுங்காக வற்றின. எங்கள் அறை மூலையில் மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்தில் இருந்த பெரிய குட்டை மட்டும், முதல் கோடு போட்டு முடிப்பதற்குள் காணாமல் போய்விட்டது. வெயிலே படாத இடம் அது. உன் மகள் குனிந்து, காதைத் தரையில் வைத்துக் கேட்டுவிட்டு, ‘தரை குடிச்சிடுச்சு அத்தை டீச்சர், சத்தம் கேக்குது’ என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கதவுதான் இன்னும் மக்கர். பெரிய டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், தச்சரைக் கூப்பிடுவார். தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நன்றாகச் சாப்பிடு. உன் மகளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ஏங்குகிறாள்.

இப்படிக்கு,
உன் அக்கா


பன்னிரண்டாம் வாரம்,
வியாழக்கிழமை

தம்பி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் தனியாகப் போய்ப் படி.

நேற்று தச்சர் கதவைப் பார்க்க வந்தார். இரண்டு தடவை இழைத்தார். மாட்டிப் பார்த்தார். மறுபடியும் பிடித்தது. மூலைமட்டத்தைக் கதவு நிலையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு இழைப்புளியைப் பையில் போட்டார். ‘கதவு மேல குத்தமில்ல டீச்சர். நிலை கோணிடுச்சு. இதை இழைச்சுக்கிட்டே போனா கடைசில கதவே இருக்காது’ என்றார்.

போகும்போது தயங்கி, தன் பெண் வகுப்பில் ஏதாவது சேட்டை செய்தாளா என்று கேட்டார். இல்லையே, தங்கமான பிள்ளை என்றேன். ‘இல்ல, அறிவியல் நோட்டை மட்டும் தொட மாட்டேங்குறா. நெறைய பேரு சொன்னா தப்பான அளவு சரியாயிடுமாப்பான்னு கேட்டா’ என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் போனதும் பழைய மர ஸ்கேலையும் புது பிளாஸ்டிக் ஸ்கேலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிஷ வேலை. புது ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்தில் இல்லை, தம்பி. ஓரத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் நாலு மில்லிமீட்டர் வெறும் இடம் விட்டிருக்கிறார்கள். ஓரத்தை ஒட்டி வை என்று நான் சொன்னபடியே முப்பத்துநாலு பிள்ளைகளும் வைத்தார்கள். எல்லோருக்கும் நாலு மில்லிமீட்டர் குறைந்து வந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத ஒருத்தி மட்டும் சரியாக அளந்தாள். அவளை நான் அழிக்க வைத்தேன். தலைக்கு மேலே நானே எழுதிய வாசகத்தை வைத்துக்கொண்டு, சுவரை வைத்து ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவள் நான்.

இன்று காலை எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். ஆறும் எட்டு மில்லிமீட்டரும். நானும் அளந்தேன். அதேதான்.

அதற்குப் பிறகு நான் செய்தது பாடமா, பைத்தியமா என்று தெரியவில்லை. உருளுதல் பாடம் என்று சொல்லி ஆளுக்கு ஒரு கோலிக்குண்டு கொடுத்து, அவரவர் இடத்தில் தரையில் வைத்து, தள்ளாமல் கையை எடுங்கள் என்றேன். ஒவ்வொன்றாக அசைந்தது. பிறகு எல்லாம் ஒரே திசையில் போயின. முப்பத்தைந்து குண்டுகளும் மூலைத் தூணின் காலடியில் போய்க் குவிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அவர்களை வரிசையாக வெளியே கூட்டிவந்து சைக்கிள் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டேன். இனி நாலாம் வகுப்பு அங்கேதான் நடக்கும், யார் என்ன சொன்னாலும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அஸ்திவாரம் தோண்டிய சமயம், ஒரு மத்தியானம் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த மூலைத் தூணுக்குத் தோண்டிய குழியில் வளைந்து போகும் பழைய செங்கல் கட்டு ஒன்று தெரிந்தது. உள்ளே மண்ணும் குப்பையும். என்னடா இது என்று கேட்டேன். ‘பழைய கழிவுக் குழிக்கா, மூடிட்டாப் போச்சு’ என்றாய். சாப்பிடாமல் என்னை அவசரமாக அனுப்பி வைத்தாய். மறுநாள் அந்த வழியாகப் போனபோது குழி மூடியிருந்தது, மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கழிவுக் குழிக்குக் கால் வைத்து இறங்கும் படிக்கற்கள் எதற்கு? நான் பார்த்தேன், தம்பி. வளையத்தின் உள்பக்கம் மூன்று கற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. அது கிணறு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். திறப்பு விழா நாள் குறித்து அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது என்பதும் தெரியும். சொன்னால் வரைபடத்தை மாற்ற வேண்டும், வேலை நாலு மாதம் நிற்கும், உனக்கு அது முதல் கட்டடம். தாளாளரிடம் போய், என் தம்பிக்குக் கொடுங்கள், நான் பொறுப்பு என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நான்தானே. அதனால் எனக்கு அது கழிவுக் குழியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

சாயங்காலம் பெரிய டீச்சரையும் கூட்டிக்கொண்டு தாளாளரைப் பார்த்தேன். பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டட உறுதிச் சான்றிதழ் இருக்கிறது, வரைபடத்தில் கிணறு கிடையாது என்றார். ‘நாலாங்கிளாஸ் பசங்க அளந்ததை வெச்சு நான் கட்டடத்தைப் பூட்ட முடியுமா? உங்க தம்பி கட்டினதுதானே. அவரு எழுதிக் கொடுக்கட்டும், அன்னிக்கே பூட்டுறேன்’ என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அது கிணறுதானே? என்ன போட்டு மூடினாய், எத்தனை ஆழம்? பதில் எழுது. உடனே எழுது. முகாம் அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன், மூன்று தடவையும் ஐயா சுரங்கத்துக்குள் இருக்கிறார் என்றார்கள்.

அக்கா


பதினாலாம் வாரம்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புத் தம்பிக்கு,

எனக்கு நீ பதில் எழுதவில்லை. முகாமுக்கு எப்போது போன் செய்தாலும் ஐயா சுரங்கத்துக்குள் என்ற அதே பதில்தான். உன் மனைவிக்கு எழுதியிருக்கிறாய். நேற்று அவள் அதை என் கையில் கொடுத்தாள். மகளை உடனே வேறு பள்ளிக்கு மாற்று, காரணம் கேட்காதே, அக்காவிடம் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். மூன்றே வரி. கிணறு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் உன்னைத் திட்டப் போவதில்லை. ராத்திரி முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டேன். காலையில் எழுந்தபோது அழுகைதான் மிச்சம் இருந்தது. பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற நினைத்ததில் தப்பில்லை. முதலில் நானும் அதைத்தானே செய்தேன், என் வகுப்பை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உன் மகள் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறாள். அவளைக் கொட்டகையில் பார்த்த அன்று எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் காலி செய்த அறையைச் சும்மா போட்டு வைக்க மாட்டேன் என்று தாளாளர் சொல்லிவிட்டார். விரிசலைப் பூசி அடைத்து, வெளிர் மஞ்சளில் பெயின்ட் அடித்து, முயலும் யானையும் வரைந்து, ஒன்றாம் வகுப்பைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். நாற்பத்தொரு குழந்தைகள். இடம் பெரிதாக இருக்கிறது என்று அவர்கள் டீச்சருக்குச் சந்தோஷம். பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து குதிக்கிறார்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் நான் கொட்டகையில் பாடத்தை நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பெயின்ட் மூன்றாம் நாளே கிழிந்தது. யானையின் முதுகில் கோடு. தச்சர் மகள் இடைவேளையில் போய், யாரும் சொல்லாமலேயே இரண்டு பக்கமும் புதுப் புள்ளி வைத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை ஐந்து சென்டிமீட்டர். இன்று காலை ஐந்தும் மூன்று மில்லிமீட்டரும். முதலில் வாரம் ஒரு மில்லிமீட்டராக இருந்தது, இப்போது நாலு நாளில் மூன்று. இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று உனக்குத் தெரியும், நீ படித்தவன்.

நான் சும்மா இருக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, அன்று குழியில் கண்டதையும் அதை மறைத்ததையும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். நேரில் வந்து பார்க்க மூன்று வாரம் ஆகுமாம். வாசலில் இரண்டு தாய்மாரிடம் சொன்னேன். அவர்கள் உள்ளே போய்ப் புதுப் பெயின்டையும் முயலையும் பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வதந்தி பரப்பியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்துவிட்டது. தச்சர் ஒருவர்தான் கூட நிற்கிறார். நிலை கோணியிருக்கிறது என்று அவரும் எழுதிக் கொடுத்தார். தச்சனுக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டார்கள்.

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு அறிவியல் என்று தனிப்பாடம் கிடையாது. நானே ஒன்றை உண்டாக்கி, பெரிய டீச்சரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான், வெளியே சொல்ல முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். காலையில் எறும்பு எண்ணுதல். பிறகு நிழல் அளத்தல். பிறகு இலை பொறுக்குதல், கல் பொறுக்குதல், மேகம் பார்த்தல். இவ்வளவு அறிவியலை எந்த ஒன்றாம் வகுப்பும் படித்திருக்காது. ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி வெளியிலேயே வைத்திருக்கிறேன். என் வகுப்பைக் கொட்டகையில் தச்சர் மகள் பார்த்துக்கொள்கிறாள். அவள் வாயைத் திறக்காமலே வகுப்பு அடங்கிக் கிடக்கிறது, எனக்கு இத்தனை வருஷத்தில் அந்த வித்தை வரவில்லை.

ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு ஒன்றரை மணி நேரம் தூங்கும். அதற்கு மட்டும் என்னிடம் பாடம் இல்லை. வெளியில் வெயிலில் படுக்க வைக்க முடியாது, கொட்டகையில் இடம் போதாது. பாயை விரித்து அந்த அறையில்தான் படுக்க வைக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கதவு இறுகிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு நாற்காலியை வைத்திருக்கிறேன். தூண் பக்கம் யாரையும் படுக்கவிடவில்லை. அந்த மூலையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் இங்கே இருந்துதான் எழுதுகிறேன். மேலே தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கிறது.

தம்பி, என் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளின் நோட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நீ கட்டியவன். அந்த மூலைக்குக் கீழே கிணறு இருக்கிறது, நான்தான் மூடினேன் என்று நீ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே பூட்டியாக வேண்டும். உன் பெயர் போகும். வேலை போகலாம். அதற்கு மேலும் வரலாம், பொய் சொல்ல மாட்டேன். எது வந்தாலும் உன் மனைவியும் மகளும் என் வீட்டில் என்னோடு இருப்பார்கள், வழக்கு என்று வந்தால் உன் பக்கத்தில் நானும் நிற்பேன், என் பங்கை நானும் சொல்வேன். உன் மகள் அங்கே இல்லை என்பதால் மனம் ஆறிவிடாதே. இங்கே படுத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு அப்பன் இருக்கிறான், அவனுக்கு யாரும் ரகசியமாகக் கடிதம் எழுதிச் சொல்லவில்லை.

ஜீப்புக்காகக் காத்திருக்காதே. முகாம் போன் சரியாக எடுக்காவிட்டால், இறங்கி நடந்தாவது தந்தி கொடுக்கிற இடமோ போன் எடுக்கிற இடமோ பார்த்து, தாளாளருக்கும் கல்வி அலுவலகத்துக்கும் சொல். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அறை பூட்டியிருப்பதை நானே பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

நீ நல்லவன். சின்ன வயதில் ஒரு கண்ணாடியை உடைத்தால்கூட நான் கேட்பதற்கு முன்னால் வந்து நிற்பாய். எங்கே போனாலும் நல்லபடியாக இரு. உன் கைக்கு ஒரு குறையும் வராது.

ஒரு குழந்தை தூக்கத்தில் புரண்டு வந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துவிட மனம் வரவில்லை. இவர்கள் எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். எழுந்ததும் இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

ஆசிகளுடன்,
அக்கா